யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?

நாடக எலக்டிவ் எடுக்கலாமா வேண்டாமா என்று இந்த மாதம் மூன்று ஜூனியர்கள் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "ஈஸி கிரெடிட்டா அண்ணா?" இல்லை. ஆனாலும் எடுங்கள். ஏன் என்பது வாட்ஸ்அப்பில் டைப் பண்ணுகிற அளவில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். எடிட்டர் குழு திருத்தியும் பிழை மிச்சமிருந்தால் அது என்னுடையது.

வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம். செமினார் ஹாலில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடக்கும். சொல்லித்தருபவர் வெளியிலிருந்து வருகிற நாடகக்காரர். முதல் இரண்டு வாரம் மூச்சு, நடை, குரல். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், கண்டுக்காதீங்க. மூன்றாவது வாரம் சார் விஷயத்துக்கு வந்தார். ஐந்து பேர் ஒரு குழு. பதினைந்து நிமிடத்தில் ஒரு அங்கத நாடகம். நீங்கள் தினமும் பார்க்கிற ஏதாவது ஒன்றைக் கிண்டல் பண்ணணும். நன்றாக வந்தால் டிபார்ட்மெண்ட் டே மேடையில் போடலாம்.

எங்கள் குழுவில் நான், என் கிளாஸ்மேட் ஒருவன், மெக்கானிக்கல் பையன் ஒருவன், சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து ஆளுக்கொரு பெண். தலைப்பு பிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபைனல் இயரில் எல்லோர் தலையிலும் ஓடுவது பிளேஸ்மெண்ட்தான். 'இண்டர்வியூ' என்று வைத்தோம். ஸ்கிரிப்ட் நான் எழுதினேன், ஒரே ராத்திரியில். கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் எச்.ஆர். முன்னால் உட்கார்ந்து தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசுகிறான். அவ்வளவுதான் நாடகம். "மை ஃபாதர் இஸ் அக்ரிகல்ச்சர், மை மதர் இஸ் ஆல்சோ அக்ரிகல்ச்சர்" என்று ஒரு லைன். அந்தப் பையனாக நானே நடித்தேன். வகுப்பில் போட்டுக் காட்டியபோது சிரிப்பு அடங்கவே இல்லை. பின்னாடி பெஞ்சில் ஒருத்தன் மேசையைத் தட்டினான்.

முடிந்ததும் சார் கேட்ட ஒரே கேள்வி: "நல்லா சிரிச்சீங்க. யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியே எனக்குப் புரியவில்லை. இண்டர்வியூவைக் கிண்டல் பண்ணியிருக்கோம் சார் என்றேன். "இண்டர்வியூ பண்ற ஆள் மொத்தம் எத்தனை லைன் பேசுறார்?" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலு. மிச்சம் முழுக்க அந்தப் பையன்.

அன்றைக்கு டீக்கடையில் என் கிளாஸ்மேட் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த அக்ரிகல்ச்சர் லைன் நான் ஃபர்ஸ்ட் இயர் செமினார்ல சொன்னதுடா. இண்ட்ரோ குடுக்கச் சொன்னப்போ."

அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். மூன்றரை வருடம் பக்கத்து பெஞ்சு. அந்த லைனை நானே யோசித்து எழுதினேன் என்றுதான் சத்தியமாக நினைத்திருந்தேன். எங்கேயோ கேட்டுச் சிரித்தது மண்டையில் தங்கியிருக்கிறது, யார் சொன்னது என்பது மட்டும் அழிந்துவிட்டது. அவன் கோபப்பட்டிருந்தால் சாரி சொல்லியிருக்கலாம். அவன் கோபப்படவில்லை. டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

இனி பாடம். அடுத்த வாரம் சார் இதை எங்களிடம் நேராகப் பேசவில்லை, போர்டில் தொல்காப்பியத்தை எழுதினார். மெய்ப்பாட்டியலில் நகை பிறப்பதற்கு நான்கு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. எள்ளல் ஒன்று. மற்ற மூன்றும் இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் ஒன்றின் குறையைக் கண்டுபிடித்து இகழ்வது. பேதைமை அறியாமை. மடன் என்பதை வெகுளித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். "நீங்க எள்ளல்னு நினைச்சுப் பண்ணது பேதைமை. ஒருத்தனுக்கு ஒண்ணு தெரியலைன்னு சிரிக்கிறதுக்கு நாடகம் தேவையில்லை, ராகிங் போதும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாயிரம் வருஷப் பழைய புத்தகம் என் ஸ்கிரிப்டை ரிவ்யூ பண்ணும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதே தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகவே திட்டுவது செம்பொருள் அங்கதம். மறைத்துத் திட்டுவது பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் புறநானூற்றின் 95வது பாட்டு. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். ஔவை அவன் ஆயுதங்களைப் பாராட்டுகிறார்: மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்கும்போது புகழ்ச்சி. வீட்டுக்குப் போய் யோசித்தால்தான் 'உன் வேல் சண்டையையே பார்த்ததில்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் எனத் தெரியும். ஸ்கூலில் இதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியபோது இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஔவை முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்திருந்தால்கூட ஆட்டம் குளோஸ். நடிக்கிறவன் சிரிக்கக் கூடாது என்று சார் ஒவ்வொரு ரிகர்சலிலும் கத்துவது இதற்காகத்தான்.

அடுத்த பயிற்சிதான் என்னைக் கவிழ்த்தது. இடம் மாற்றி உட்காரச் சொன்னார். இப்போது என் கிளாஸ்மேட் எச்.ஆர்., நான் வேலை கேட்டு வந்தவன், இண்டர்வியூ முழுக்கத் தமிழில். ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரக் கூடாது. அவன் நிதானமாகக் கேட்டான்: "மின்மாற்றி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது?"

டிரான்ஸ்ஃபார்மர். நான் ஈ.ஈ.ஈ. ஃபைனல் இயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இங்கிலீஷில். வாயைத் திறந்தேன். "ஒரு கம்பிச்சுருள்... அதுக்குப் பக்கத்துல இன்னொரு கம்பி..." அதற்கு மேல் வரவில்லை. அவன் "பரிமாற்று மின்தூண்டல்" என்று தானே பதிலைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு எச்.ஆர். சிரிப்பு சிரித்தான். வகுப்பு மொத்தமும் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பின் அந்தப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பயிற்சி முடிந்ததும் சார், "இவனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தெரியுமா தெரியாதா?" என்று வகுப்பைக் கேட்டார். தெரியும் என்றார்கள். "அப்போ இண்டர்வியூ எதை அளந்துச்சு?" நாங்கள் தேடிய நாடகம் அந்தக் கேள்வியில் இருந்தது.

குறி எது என்று தெரிந்த பிறகு அதை எப்படி நாடகமாக்குவது? சார் சொன்ன வழி எளிமையானது. ஒரு அமைப்பு எந்த லாஜிக்கில் ஓடுகிறது என்று ஒரே வரியில் எழுதிக்கொள். அப்புறம் அதே லாஜிக்கை ஒரு படி மேலே தள்ளு. பத்து படி தள்ளினால் கார்ட்டூன் ஆகிவிடும். ஒரு படி போதும்.

சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை இதற்கு உதாரணமாகப் பார்த்தோம். மேடையேறியது 1968இல், சினிமாவாக வந்தது 1971இல். அதற்கு முந்தைய வருடம், 1967இல், ஹரியானாவில் ஒரு எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறியிருந்தார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். கட்சி மாறினால் பதவி கிடைக்கும் என்பது அன்றைய லாஜிக். சோ அதை ஒரு படி தள்ளினார். துக்ளக் பிரதமராகி, கட்சி மாறி வந்த எம்.பி.க்கள் எல்லோரையும் துணைப் பிரதமர் ஆக்கிவிடுகிறார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? அரசியலில் சோவுடன் எனக்குப் பல இடங்களில் ஒத்துப்போகாது, ஆனால் இந்தக் கணக்கில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' வேறு வகை. 'நல்ல தம்பி' (1949) படத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். நந்தனார் கதையைச் சொல்கிற அதே காலட்சேப வடிவம், அதே பக்தி பாவம். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார் என்றால் கிந்தன் படிக்கப் போக ஏங்குகிறான். ரயிலேறி நகரத்துக்கே போகிறான். பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது. அதில் எனக்குப் பிடித்தது, கிந்தன் தாழ்த்தப்பட்ட பையன், ஆனால் சிரிப்பு அவன் மேல் விழுவதே இல்லை. முதல் ஸ்கிரிப்ட் எழுதும் முன் இதைப் பார்த்திருக்கலாம்.

இத்தாலிக்காரர் டாரியோ ஃபோவைப் பற்றியும் ஒரு வகுப்பு நடந்தது. 1969 டிசம்பரில் மிலான் போலீஸ் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி இறந்தார். விசாரணைக்குக் கூட்டிப்போனவர். அடுத்த வருடமே ஃபோ அதை வைத்து 'ஓர் அராஜகவாதியின் தற்செயல் மரணம்' என்ற நாடகம் போட்டார். போலீஸ் பிடித்து வைத்திருந்த ஒரு பைத்தியக்காரன் அங்கேயே நீதிபதி வேஷம் போட்டு, "நீங்க சொன்னதை அப்படியே நடிச்சுக் காட்டுங்க" என்று அதிகாரிகளைக் கேட்கிறான். நடித்துக் காட்டக் காட்ட அவர்கள் கதை தானாக உடைகிறது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு விஷயம்: அதிகாரம் பயன்படுத்துகிற வார்த்தையை நீ மாற்றாதே, அப்படியே பேச வை. எங்கள் எச்.ஆர். பாத்திரங்கள் பேசியதில் பாதி, மெயிலில் வந்த ஜாப் டிஸ்கிரிப்ஷன்களிலிருந்து வார்த்தை மாறாமல் எடுத்தது. அங்கேதான் அதிகம் சிரித்தார்கள்.

சரி, எங்கள் லாஜிக்கை ஒரே வரியில் எழுதினோம்: 'வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு முன் பேசத் தெரியுமா என்று பார்ப்போம்.' ஒரு படி தள்ளினால்? இண்டர்வியூ நடக்கும்போதே அந்த அறையில் ஷார்ட் சர்க்யூட். புகை வருகிறது. ஆனால் இண்டர்வியூ நிற்கவில்லை.

நடிகர்களைப் பிரிக்கும்போது என் கிளாஸ்மேட் ஒன்று சொன்னான்: "அந்தப் பையன் ரோல் நான் பண்ண மாட்டேன். கட்டியக்காரனா வரேன்." தெருக்கூத்து பார்க்காதவர்களுக்கு: ராஜா வருவதற்கு முன்பே மேடைக்கு வந்துவிடுகிறவர் கட்டியக்காரர். ராஜாவை அறிமுகப்படுத்துவார், ராஜாவிடமே நீ யார் என்று கேட்பார். ராஜா பாட்டிலும் வசனத்திலும் சொல்வதை நம்ம பேச்சில் உடைத்து ஜனங்களுக்குச் சொல்வார், நடுவில் அவரை ஓட்டவும் செய்வார். மேடையிலும் இருப்பார், பார்க்கிறவர்கள் பக்கமும் இருப்பார். அவனுக்கு இது ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பார்த்தது. எனக்கு யூடியூபில் பத்து நிமிடம். அவன் எழுதிய ஓப்பனிங்: "வர்றாரு வர்றாரு, மகாராஜா வர்றாரு! மாசம் இருபத்தஞ்சாயிரம் குடுத்து, ரெண்டு வருசம் பாண்டு எழுதி வாங்குற மகாராஜா வர்றாரு!" ஏ.சி. அறையில் கோட்டுப் போட்ட எச்.ஆர். உள்ளே வருவதற்கு இதைவிட நல்ல என்ட்ரி எனக்கு வராது.

வேலை கேட்டு வரும் பெண்ணாக சிவில் தோழி. அவள் எங்கேயும் உடைந்த இங்கிலீஷ் பேச மாட்டாள், தெளிவான தமிழ் மட்டும்தான் என்று முதலிலேயே முடிவு செய்தோம். மற்ற இருவரும் அதிகாரிகள். காட்சி இப்படிப் போகும்:

பெண்: சார், சுவிட்ச் போர்டுல புகை வருது. மெயின் எங்க இருக்கு?

அதிகாரி 1: இன் இங்கிலீஷ் ப்ளீஸ்.

பெண்: மெயின் சுவிட்ச் சார்!

அதிகாரி 2: ரெண்டு வார்த்தை ஓகே. வெர்ப் இல்லை.

அதிகாரி 1: ஸ்மைலும் இல்லை.

(கட்டியக்காரன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போர்டு பக்கம் ஓடுகிறான்.)

பெண்: அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க! கரண்ட்!

அதிகாரி 2: லீடர்ஷிப் குவாலிட்டி இருக்கு. டோன் சரியில்லை.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அது நான். புகைக்கு நடுவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "ஐ சீ ஃபயர் அஸ் ஆன் ஆப்பர்ச்சுனிட்டி" என்று ஆரம்பித்து, ஒரு நிமிடம் மூச்சு விடாமல் பேசுவேன். அதிகாரிகள் கைதட்டி ஆஃபர் லெட்டர் கொடுப்பார்கள். கடைசியில் கட்டியக்காரன் என்னிடம் கேட்பான்: "தம்பி, மெயின் எங்க இருக்கு?" எனக்குத் தெரியாது. அதோடு விளக்கு அணையும்.

அந்த ரோலுக்கு நான் பெரிதாக நடிக்கவே தேவையில்லை என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் தோழி சொன்னாள். நியாயம்தான்.

டெக்னிக்கல் விஷயங்கள் சுருக்கமாக: புகைக்குச் சாம்பிராணி போதும், ஆனால் ஃபேனை அணைத்துவிடுங்கள். காலர் மைக் வேண்டாம், கட்டியக்காரன் குதிக்கும்போது உரசும்.

அனுமதிக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேடையேறும் முன் ஸ்கிரிப்டைப் படித்துப் பார்க்கக் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. சார், இது உனக்கு மட்டும் நடப்பதில்லை என்று 1954ஆம் வருடத்துத் தமிழ்நாட்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் ஊர் ஊராகக் கலக்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்த சட்டம் அது. அதன் பேரைச் சொல்லி நாடகக்காரர்கள் ஸ்கிரிப்டைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளை ரத்து செய்தது. ராதா மேடையில் அன்றைய பேப்பர் செய்தியை வைத்தே வசனத்தை மாற்றிவிடுவார், பிறகு ஸ்கிரிப்டை வாங்கி என்ன பண்ண?

இன்னொரு பக்கம், ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் ஒரு ராஜாவே அங்கத நாடகம் எழுதியிருக்கிறார். மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசப் பிரகசனம்', சம்ஸ்கிருதத்தில். குடிபோதையில் கபால ஓட்டைத் தொலைத்த ஒரு காபாலிகன், அதைத் திருடியது ஒரு புத்த பிக்குதான் என்று தெருவில் சண்டை போடுகிறான். உண்மையில் தூக்கிப்போனது நாய். அதில் காபாலிகனின் துணைவி, மடங்களின் சொத்து இந்த பிக்கு கையில் இருக்கிறது, அதை வைத்து நியாயசபையின் வாயை அடைத்துவிடுவான் என்று சொல்கிறாள். தன் ஊர், தன் நியாயசபை, எழுதினது ராஜா! அந்த மனசு எல்லா நிர்வாகத்துக்கும் வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு இந்தப் பத்தியை முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஸ்கிரிப்டில் வெட்டப்பட்டது ஒரே ஒரு இடம். பிளேஸ்மெண்ட் சதவீதத்தைக் கட்டியக்காரன் அறிவிக்கிற லைன். அந்த எண் வேண்டாம் என்றார்கள். இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. என் கிளாஸ்மேட்தான் வழி கண்டுபிடித்தான். எண்ணை எடுத்துவிட்டான், அறிவிப்பை எடுக்கவில்லை. மேடையில் "நம்ம பிளேஸ்மெண்ட் சதவீதம்..." என்று ஓலை மாதிரி ஒரு பேப்பரைப் பிரித்தான். படித்தான். முன்வரிசையைப் பார்த்தான். மறுபடி பேப்பரைப் பார்த்தான். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டான். ஹால் வெடித்தது. எண் இருந்திருந்தால் பாதிச் சிரிப்புக்கூட வந்திருக்காது. பழிகரப்பு என்றால் என்ன என்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களும் சிரித்துவிட்டால் நம் நாடகம் ஜெயித்ததா தோற்றதா என்பது எனக்கு இன்னும் குழப்பம். சாரிடம் கேட்டேன், அவருக்கும் முப்பது வருஷமாகக் குழப்பம்தானாம்.

கடைசிக் கேள்விக்கு, "மெயின் எங்க இருக்கு?" என்பதற்கு, சிரிப்பு வரவில்லை. ஹால் அமைதியாகிவிட்டது. நான் பயந்துபோய், திட்டமிட்டதைவிட முன்னாடியே தலையை ஆட்டிவிட்டேன். மேடைக்குப் பின்னால் வந்ததும் என் கிளாஸ்மேட் முதலில் அதைத்தான் பிடித்தான். "இன்னும் ரெண்டு செகண்ட் நின்னிருக்கணும்டா. அவங்க உன்னைப் பார்க்கிற நேரத்துல நீ கீழே பார்த்துட்ட." அக்ரிகல்ச்சர் லைனைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசவே இல்லை. நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அவன் ரிகர்சல் டைமிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஸ்கிரிப்ட் பிரிண்ட் எடுத்து செமினார் ஹால் அலமாரியில் வைத்திருக்கிறோம். எடுத்துப் போடுங்கள், எங்களைக் கேட்க வேண்டாம். எச்.ஆர். வசனங்களை மட்டும் உங்கள் வருஷத்து மெயில்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மடித்த பேப்பர் இருக்கட்டும். அந்த இரண்டு செகண்டை பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.